அரை சுரம் மேலே

ஃபெம்கே ஹார்ப்சிகார்ட் வாசிப்பவள். வாசித்ததைவிட அதைத் தூக்கிச் சுமந்ததும் அதற்குச் சுருதி சேர்த்ததும்தான் அவள் வாழ்க்கையில் அதிகம். பியானோவுக்கு முந்தைய காலத்துக் கட்டை வாத்தியம்; கதவைத் திறந்து குளிர்காற்று உள்ளே வந்தாலே சுருதி கலைந்துபோகும் வாத்தியம் அது. கச்சேரிக்கு முன்னால் நாங்களெல்லாம் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருப்போம். அவள் மட்டும் தேவாலயக் குளிரில் சுருதிச் சாவியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். நல்ல பியானோ வேலையை உதறிவிட்டுப் பழைய இசைக்கு வந்தவள் என்பதால் கொஞ்சம் கர்வமும் உண்டு. போனைப் பார்த்துச் சுருதி சேர்க்கும் இளசுகளிடம், "காதை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தீங்களா?" என்பாள்.

என் வீட்டுக்காரர் டௌவே பல வருடமாக அவளோடு காம்பா வாசித்தவர். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் இழுக்கும் வாத்தியம். எழுபதைத் தொட்டதிலிருந்து அவருக்கு ஒரே பயம், காது போய்விடுமோ என்று. அடுப்படியிலிருந்து நான் கூப்பிடுவது காதில் விழாவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் தொங்கிவிடும்.

சென்ற ஈஸ்டருக்கு டெவென்டர் நகரில் அவர்கள் இருவர் மட்டும் கச்சேரி. மேடையில் ஃபெம்கே ஒரு கட்டையை அழுத்தினாள். அதற்குச் சுருதி சேர்க்க நரம்பை முறுக்கப்போன டௌவே நிறுத்தினார்.

"ஃபெம்கே, சுருதி மேல இருக்கே."

"மத்தியானம் நானே சேர்த்தது. உன் காதைப் பாரு, டௌவே."

முன்வரிசையில் சிரித்தார்கள். காது மடல் சிவக்க, இவர் முறுக்கினார். ஆட்டுக்குடலில் செய்த நரம்பு பட்டென்று அறுந்தது. புது நரம்பு போட்டால் உடனே சுருதியில் நிற்குமா? இறங்கிக்கொண்டே இருந்தது. கச்சேரி முடிந்ததும் துக்கம் விசாரிக்கிற மாதிரி என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப்பின் இவர் காம்பாப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

இலையுதிர்காலத்தில் ஃபெம்கே ஆப்பிள் கேக்கோடு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறையில் நின்றபடியே சொன்னாள்.

"ஈஸ்டர் கச்சேரி அன்னிக்குச் சாயங்காலம், அதே வாத்தியத்துல ஒரு கல்யாண ஒத்திகை. புல்லாங்குழல்காரி இந்தக் காலத்து மேல் சுருதியில வாசிக்கிறவ. அவளுக்காகக் கட்டை வரிசையை ஒரு கட்டை தள்ளி வச்சேன். எல்லாம் அரை சுரம் ஏறிடுச்சு. திரும்ப இறக்க மறந்துட்டேன். நீ சொன்னதுதான் சரி, டௌவே. இப்பல்லாம் மேடையில உட்கார்ந்தாலே உடம்பு கூசுது."

டௌவே வீடே அதிர என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "ஆல்ட்யே! கேட்டியா? என் காது போகலையாம்!" ஃபெம்கேயைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். திட்டுவார் என்று வந்தவள் கூனிக்குறுகிப் போனாள். காம்பாவை எடுக்க மாடிப்படி ஏறியவர், பாதியில் திரும்பிச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

ஃபெம்கே கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே. வாத்தியத்தை வண்டியில ஏத்த மூடும்போது, கட்டை தள்ளியே இருந்ததைப் பார்த்தேன்."

டௌவே ஒவ்வொரு படியாக இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லணும்னுதான் நினைச்சேன்," என்றாள். "எல்லாரும் சிரிப்பாங்களேன்னு..."

"சிரிச்சாங்களே, ஃபெம்கே," என்றார் அவர்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். ஊற்றி வைத்த காப்பியை அவளிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.