செருப்புகளை அடுக்கிய பாஸ்டர்

ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் நடந்த சபைக்கு அவர்தான் பாஸ்டர். ஒல்லியான தேகம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எல்லோரும் வாசலில் செருப்பை உதறிவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்ததும், அவர் குனிந்து அவற்றை ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டுத்தான் பிரசங்கத்துக்கு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சொன்னேன்: “ஐயா, உங்கள மாதிரி தாழ்மையான ஊழியரை நான் பாத்ததே இல்ல.”

அவர் முகம் மலர்ந்தது. “செருப்பு அடுக்கறத பாத்தீங்களா?” என்று ஆவலாகக் கேட்டவர், சட்டென்று வாடிப்போனார். “யாராச்சும் பாக்கணும்னுதான் பிரதர் இத்தனை நாளா குனிஞ்சிருக்கேன். ஆண்டவருக்காகன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அடுத்த வாரத்திலிருந்து அவர் செருப்புகளைத் தொடவில்லை. “சபை பெருசாச்சுல்ல, பாஸ்டருக்கு கௌரவம் வந்துடுச்சு” என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் மறுக்கவில்லை. நான் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார். கவிழ்ந்து கிடந்த யாருடையதோ ஒன்றின் பக்கம் அவர் கை போனது. நிமிர்ந்தார், நான் நிற்பதைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார்.