ஷீபாவின் கல்லில் நான் பூசியது

ஒரு சிறுமியின் கல்லறைக் கல்லைக் கெடுத்தவன் நான். 'நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள்' என்று அவளைப் பெற்ற தாயிடமே சொன்னேன். அவர் நம்பிவிட்டார்...

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்பை எதிர்பார்த்து அல்ல.

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையெங்கும் அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். நான் கல்லுக்கான பூச்சு விற்றுவந்தேன். பூசிவிட்டால் அழுக்கு ஒட்டாது, மழையே கழுவிவிடும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஊரப்பாக்கத்தில் முகப்பு முழுவதும் கல் பதித்துக் குடியிருப்பு கட்டிய ஒருவர், "மழையில நிக்கிற கல்லுல பூசிக் காட்டுங்க பாய், அப்புறம் பேசலாம்" என்றார்.

எனக்கு ஸ்டெல்லா அக்காவின் நினைவு வந்தது. என் கடைக்கு எதிரே தையற்கடை வைத்திருந்தவர். காய்ச்சலில் இறந்துபோன மகள் ஷீபாவுக்குப் பிடித்த நிறமென்று, ரோஜா நிற மணற்கல்லில் கல்லறை எழுப்பியிருந்தார். ஞாயிறுதோறும் போய், கல்லில் படிந்த பாசியையும் வண்டிப் புகையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்.

"காசு வேணாம்க்கா, நான் பூசித் தரேன். இனிமே நீங்க தேய்க்கவே வேணாம்" என்றேன்.

"நீ நல்லா இருப்பே பஷீரு..." அவர் கண் கலங்கினார்.

பூசப் போனபோது, முந்தைய நாள்தான் மழை விட்டிருந்தது. கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஈரம்! ஈரக் கல்லில் பூசினால், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே கல்லை உரித்துவிடும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! காயும்வரை பொறுத்தால் கட்டடக்காரர் வேறொருவரிடம் போய்விடுவாரோ என்ற பயம்...

பூசினேன்.

பிறகு கட்டடக்காரரை அங்கே அழைத்துப்போனேன். அந்தக் குழந்தையின் பெயர்மீது ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். முத்து முத்தாக உருண்டு ஓடியது. "சூப்பர் பாய்!" என்றார். வேலை எனக்கே கிடைத்தது. எந்த இடத்தில் நின்று வியாபாரம் பேசினேன் என்பதுகூட அன்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா கடைக்கு ஓடிவந்தார். "பஷீரு, எம்பொண்ணு பேரே உதிர்ந்து போச்சுப்பா!"

போய்ப் பார்த்தேன். கல்லின் முகம் செதில் செதிலாக உரிந்து கீழே கிடந்தது. பெயரில் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் செய்தி கட்டடக்காரர் காதுக்குப் போய்விட்டால்?

"தேய்ச்சீங்களாக்கா?" என்றேன்.

"அவ பொறந்த நாளைக்கு மட்டும்... துணியில சோப்பு தொட்டு, லேசாத்தான்..."

"அதான்க்கா. சோப்பு பட்டா போச்சு."

அவர் தம் கைகளைப் பார்த்தார். என்னை ஒரு சொல்கூடக் கடியவில்லை. "அவன் சொல்லியும் கேக்காம விட்டுட்டேனே கண்ணு..." என்று கல்லின் முன் உட்கார்ந்து மகளிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்! நானும் மனிதன்தானா?

புதுக் கல் வைத்துத் தருவதாகச் சொன்னேன்.

"வேணாம்ப்பா. அதையும் கெடுத்துருவேன்."

சில ஆண்டுகள் கழித்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஷீபாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கல்லறை. மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்கா பதறிப்போய் அவரைத் தடுத்தார்.

"கை வெக்காதீங்கண்ணா! எம்பொண்ணு பேரை நான் இப்படித்தான் அழிச்சேன். வேணும்னா இந்தத் தம்பியைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

அந்தத் தகப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா தம்பி?"

சொல்லியிருக்கலாம்... அதற்காகத்தானே போயிருந்தேன்!

தலையை ஆட்டினேன்.

அவர் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.