பதினெட்டு அடிக்கு ஒரு ஆம்ப்

என் கையெழுத்தைப் பார்த்து டைப் அடிக்கும் பத்திரிகை ஆபீஸ் தங்கைக்கு முதலில் ஒரு மன்னிப்பு. எனக்கும் ர, ற-வுக்கும் எப்போதுமே தகராறு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன்... நீங்கள் திருத்திவிடுவீர்கள், தெரியும். ஆனால் இந்த வாரம் வரிகளே மேடு ஏறிப் பள்ளம் இறங்குகின்றன. காரணம், காகிதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடது கை. நான்கு விரல் நுனியும் எரிகிறது.

கிடார் பழகினால் அப்படித்தான் ஆகுமாம்.

சிரிக்காதீர்கள். கிருமாம்பாக்கம் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான் என்பது வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். காதுகுத்து, கல்யாணம், திருவிழா, சாவு... ஊரை அலற வைப்பதுதான் தொழில். ஆனால் மைக்கில் 'ஹலோ' சொல்ல எனக்குக் கூச்சம். விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன்.

கிடார் என் மகள் பிரியாவுடையது. முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கினாள். பிறகு வேலை கோயம்புத்தூருக்கு மாறியது. ஹாஸ்டலில் வாசிக்க விடமாட்டார்களாம், இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். ஒருநாள் தூசு தட்டும்போது தந்தி விரலில் பட்டது. பழக ஆசையாக இருக்கிறது என்று அன்றைக்கு போனில் அவளிடம் சொன்னேன்.

"நானே கத்துத் தரேன்பா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீடியோ கால்ல வாங்க."

கரண்டில் வாசிக்கிற கிடார் அது. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. முதல் இரண்டு ஞாயிறும், "அப்பா, கொசு பறக்கற மாதிரி இருக்கு" என்றாள். மைக் செட்காரன் வீட்டில் ஆம்ப்புக்கா பஞ்சம்? மூன்றாவது ஞாயிறு, திருவிழாவுக்கு எடுத்துப் போகும் ஆம்ப்பையும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸையும் ஹாலில் வைத்து இணைத்தேன். சத்தம் கூட்டும் திருகைத் தொட்டேன். திருப்பக்கூட இல்லை, சும்மா தொட்டேன்.

அவள் சொல்லிக் கொடுத்தது துள்ளலான மெட்டுதான். ஆனால் ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் நடுவே நான் விரலைத் தேட வேண்டுமே? டொய்ங்ங்... கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொய்ங்ங்... துள்ளல் மெட்டு ஒப்பாரி ஆகிவிட்டது. தெருக்கோடி வரை கேட்டிருக்கிறது.

எங்கள் ஊரில் மைக் செட் பாடினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். வேகமாகப் பாடினால் நல்ல காரியம். மெதுவாகப் பாடினால்...?

எனக்குப் பக்கத்து வீடு தனகோடி. கரும்பு போடுகிறவர். சின்ன வயசிலிருந்தே சிநேகிதம். அவருடைய அப்பா ஆறு மாசமாகக் கட்டிலில் இருக்கிறார். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். இதுவும் ஊருக்கே தெரியும். அப்புறம் என்ன? கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

முதலில் வந்தது பந்தல்காரர். மூங்கிலை இறக்கிக்கொண்டே, "எப்படியும் கூப்புடுவீங்கன்னு நானே வந்துட்டேன்" என்றார். அடுத்து இரண்டு மாலை வந்தது. ஆறு மணிக்கு, அரியூரில் கட்டிக் கொடுத்த பெரியப்பா மகள் சரோஜாக்கா பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே "எப்பா... என்னை வுட்டுட்டுப் பூட்டியே..." என்று அழுதுகொண்டு தெருவில் ஓடி வருகிறார்.

உள்ளே கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"யாரு சரோஜாவா? இன்னாத்துக்குடி அழுவுற? யாரு பூட்டது?"

அன்றைக்கு மூங்கில் திரும்பிப் போனது. மாலையை எடுத்துப் போகத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் பெரியப்பாவே, "காசு குடுத்து வாங்கினது தானே, அந்த மாட்டுக்குப் போடு" என்றார்.

தனகோடிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எங்கப்பா எப்போ சாவாருன்னு நீ செட்டு போட்டுக்கினு காத்திருக்கியா? இனிமே உன் வூட்டுல அந்தப் பொட்டி பாடக்கூடாது. ஆமா!" முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், அப்புறம் என்னோடு பேசவே இல்லை.

அடுத்த ஞாயிறு கிடார் இல்லாமல் மகளோடு பேசினேன்.

"சாப்டியா?"

"சாப்டேன்பா. நீங்க?"

"சாப்டேன்."

"ம்..."

"அம்மாகிட்ட குடுக்கட்டா?"

அவ்வளவுதான். இத்தனை வருஷமும் எங்கள் பேச்சு இப்படித்தான் இருந்தது. அவள் மேல் பிரியம் இல்லாமலா? எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது, அதுதான். கிடார் பாடம் நடந்த அந்த ஞாயிறுகளில் மட்டும் அவள் திட்டினாள், சிரித்தாள், நடுவே மேனேஜர் பற்றி, ரூமில் இருக்கும் பெண் பற்றி எல்லாம் சொன்னாள். இப்போது பாடம் போனால் அதுவும் போகும்.

போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். தனகோடியின் கரும்புக் கொல்லை வரப்பில் ஒரு மணி நேரம் நின்றேன். அவர் பார்க்காத மாதிரி களை எடுத்தார். கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"சின்னதா ஒரு ஆம்ப் வாங்கப் போறேன். நீயே வந்து எடுத்துக் குடு. உனக்கு எது சரின்னு படுதோ அதுதான்."

கையிலிருந்த களையை உதறி வரப்பில் போட்டார். "நாளைக்கு காத்தால பஸ்ஸுக்கு வரேன்" என்றார். அன்று சாயங்காலம் கரும்பு கட்டும் கயிறு ஒன்றை என் ஜன்னல் வழியாக விட்டு, அவர் வீட்டு ஜன்னல் வழியாக இழுத்தார். என் நாற்காலியில் இருந்து அவர் அப்பா கட்டில் வரை பதினெட்டு அடி. அந்த அளவில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். மறுநாள் கிடாரும் கயிறும் எங்களோடு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறியது.

கடையில் ஒரு பெண் நன்றாகத்தான் பேசினார். "சார், இது சின்னதா இருந்தாலும் செம சவுண்டு..."

"சவுண்டு கெடக்கட்டும்மா. எவ்ளோ கம்மியா பாடும்?" என்றார் தனகோடி.

அந்தப் பெண்ணை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போல. "அப்போ ஹெட்போன் போட்டுக்கலாமே சார், யாருக்கும் கேக்காது?"

"போன்ல பொண்ணுக்குக் கேக்கணும்மா" என்றேன். அதுவும் கிடாரைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே.

தனகோடி கயிற்றின் ஒரு முனையை ஆம்ப்பில் கட்டினார். மறுமுனை முடிச்சைப் பிடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே போய், ஜூஸ் கடை ஓரமாகக் குந்திக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வாசித்தேன். தெரிந்தது ஒரே மெட்டு. அதையே.

முதல் ஆம்ப் டிபன் பாக்ஸ் அளவு. திருகைத் திருப்பினேன், சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம், இல்லை. இன்னும் ஒரு நூல் அளவு... டமார்! ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறியது.

"வோணாம்! அது பெரிசைக் கொன்னுடும்!"

இரண்டாவது, பெல்ட்டில் மாட்டிக்கொள்கிற அளவுக்குக் குட்டி. சத்தம் குறைவுதான். ஆனால் டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி அடித்தது. "இதுக்கு அந்தக் கொசுவே தேவலாம்" என்றேன். நான் கடையில் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

மூன்றாவது போனுக்குப் போடுகிற மாதிரி சார்ஜ் போட்டுக்கொள்வது. ஒரு கையில் தூக்கலாம். திருகை லேசாகத் திருப்பினால் லேசாக ஏறியது. அடி மட்டத்தில் வைத்தாலும் தந்தியின் குரல் உடையாமல், முழுசாக வந்தது.

"கேக்குதா?"

"பஸ்ஸு போவுது, இரு... ம், இப்போ வாசி."

வாசித்தேன். திரும்பிப் பார்த்தால் தனகோடி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே உள்ளே வருகிறார்.

"கேக்குது ஏழுமல. ஆனா யாரும் சாவல. இதையே எடுத்துக்க."

இருபது வருஷமாக என்னிடம் செட் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான் — எவ்வளவு தூரம் கேட்கும்? நானும் அந்தக் கணக்கில்தான் பாக்ஸ் வாங்கிக் குவித்தேன். ஆனால் ஒரு ஆம்ப் நல்லதா இல்லையா என்று அது கத்தும்போது தெரிவதில்லை. அடங்கிப் பேசும்போது அதன் குரல் உடைகிறதா என்று பார்க்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். வாசிப்பது நாம், கேட்க வேண்டியது அவர்தானே?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிரியா வீடியோவில் வந்தாள். "ஐயோ அப்பா, இப்போ சூப்பரா கேக்குது... ரெண்டாவது வெரலு தப்பு!" நாற்பது நிமிஷம் பேசினோம். அதில் கிடார் ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கும். அம்மாகிட்ட குடுக்கட்டுமா என்று நான் கேட்கவே மறந்துவிட்டேன். அவள் அம்மாதான் பிடுங்கிக்கொண்டாள்.

இதை எழுதலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்கப் போனேன். "வோணாம், ஊரே சிரிக்கும்" என்றார் தனகோடி. கட்டிலில் இருந்து பெரியப்பா கையைத் தூக்கினார்.

"எழுதட்டும்டா. அரியூர்ல பாதி பேரு நான் பூட்டேன்னுதான் இன்னும் நெனச்சிக்கினு இருக்கானுங்க. நான் கீறேன்னு எழுதுப்பா. தேதி போட்டு எழுது."

"தேதி எதுக்கு பெரியப்பா?"

"அப்புறம் இன்னா ஆவுமோ, யாரு கண்டது? நீ எழுதின அன்னிக்கு இருந்தேன்ல?"

இருக்கிறார். ஐப்பசி பதினாலு, வெள்ளிக்கிழமை, சாயங்காலம்.