மரியாதைக்கு ஒரு வார்த்தை

வேண்டாம் என்று யாரிடமும் சொல்லத் தெரியாதவர் சண்முகையா. பந்தியில் இலையின் குறுக்கே கையை நீட்டி மறிக்கக்கூட அவருக்குக் கூச்சம். பரிமாறியவர் மனம் கோணக் கூடாது என்று திரும்பத் திரும்ப வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சுக்குக் கஷாயம் குடிப்பார். "ஒங்களுக்கு வாயின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்பாள் மனைவி பார்வதியம்மாள். அதற்கும் சிரிப்பதோடு சரி.

வாசுதேவநல்லூரில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சங்கரன்கோவிலை ஒட்டிய ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளர். கால்குலஸ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிளஸ் டூ வந்து கல்லூரியில் பி.யூ.சி. வகுப்புகளை ஒழித்தபோது துறையில் சிலருக்கு வேலை போனது. சீனியர் என்பதால் இவர் தப்பினார். அப்படிப் போனவர்களை எங்கேயாவது பார்த்துவிட்டால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

எண்பத்தைந்தில் மறுபடியும் ஒரு மாற்றம் வந்தது. அடுத்த ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டப்படிப்பு தொடங்கப் போகிறது, அதற்காகக் கணிதத்தின் இரண்டாம் பிரிவை மூடுகிறார்கள் என்றார்கள். துறையிலிருந்து ஒருவர் மதுரைக்குப் போய் ஒரு வருஷம் டிப்ளமோ படித்துவிட்டு வந்தால் புதுத் துறை அவர் கையில். பிரிவை மூடினால் வேலை போகப்போவது வள்ளித்தாய்க்கு. மேலநீலிதநல்லூரில் மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டு அப்பா படிக்கவைத்த பெண். தற்காலிக வேலையில் இருந்தாள். மதுரைக்கு அவள் போனால் வேலை நிலைக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

சண்முகையாவின் எண்ணமும் அதுதான். கம்ப்யூட்டர் மேல் அவருக்கு ஆசையும் இல்லை, ஐம்பது வயசுக்கு மேல் பரீட்சை எழுதத் தெம்பும் இல்லை. பிரின்சிபால் கேட்டால் வள்ளித்தாய் பெயரைச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். அதற்குள் அவளே ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள்.

"மதுரைக்கு நீங்க போறதுதான் சார் மொற. சீனியர் நீங்கதான."

அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். மனுஷன் திறக்கவில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை, வெளியூரில் தங்கிப் படிக்க வீட்டில் விடவில்லைபோல, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு இப்படிச் சொல்கிறாள் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். தான் மாட்டேன் என்றால் எல்லோருமாக அவளை நெருக்குவார்கள். துறை தன் கைக்கு வந்துவிட்டால் அவளுக்கும் அதில் ஒரு வேலை கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

"சரிம்மா" என்றார்.

"என்ன வே, மதுரைக்குப் படிக்கப் போறீராம்லா. சிலேட்டு வாங்கியாச்சா?" என்று பக்கத்து நாற்காலி பெத்துராஜ் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். வள்ளித்தாய் சிரித்தாளா என்று அவர் கவனிக்கவில்லை.

மதுரையில் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. மகன் வயசுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். கரும்பலகையில் தேற்றங்களை மளமளவென்று எழுதித் தள்ளிய கை, விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தடவியது. ஒரு கமாவை விட்டதற்காக மெஷின் மொத்தப் புரோகிராமையும் திருப்பித் தள்ளியபோது, என் பரீட்சைத்தாளை இத்தனை கறாராக எவரும் திருத்தியதில்லை என்று பார்வதியம்மாளுக்கு எழுதினார். அந்தப் பிள்ளையின் வேலைக்காகத்தான் இதெல்லாம் என்ற நினைப்பு ஒன்றே அவரை ஊருக்கு ஓடிவிடாமல் பிடித்து வைத்திருந்தது. தட்டுத்தடுமாறித் தேறினார்.

அவர் திரும்பி வந்த கோடையில் கணிதத்தின் இரண்டாம் பிரிவை மூடினார்கள். வள்ளித்தாயைப் புதுத் துறையில் போடுங்கள் என்று பிரின்சிபாலிடம் போய் நின்றார்.

"டிப்ளமோ இல்லாம யுனிவர்சிட்டி ஒத்துக்கிடாது சார்."

"இந்த வருஷம் அந்தப் பிள்ளைய மதுரைக்கு அனுப்புங்களேன்."

"காலேஜுக்கு ஒருத்தர்தான்னுட்டாங்க. அது உங்களோட முடிஞ்சு போச்சு."

புதுத் துறையில் இருந்த இன்னொரு இடத்துக்கு டிப்ளமோ முடித்த வெளியூர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

வள்ளித்தாயின் கடைசி நாளன்று சண்முகையா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தார். புளியங்குடி பஸ் கிளம்பிப் போய், சத்தம் அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்.

"ஒங்க வீட்டுல மதுரைக்கு விட்டிருந்தா இந்த நெலம வந்திருக்காதும்மா."

அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். "எங்க வீட்டுல எப்ப சார் வேண்டாம்னாங்க? பிரின்சிபால் மொதல்ல என்னையத்தான் கேட்டாரு. எங்கப்பா அன்னைக்கே டிரங்குப் பெட்டி வாங்கியாந்துட்டாரு."

"பெறவு ஏம்மா என்னையப் போகச் சொன்ன?"

"நீங்க இருக்கையில நான் எப்படி சார் முந்திக்கிட்டுப் போறது? மரியாதைக்கு ஒரு வார்த்த சொன்னேன். நீயே போம்மான்னு சொல்லுவியன்னு நெனச்சேன். நீங்க சரின்னுட்டிய. ஆசப்படுதியன்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஆசையே இல்லம்மா" என்றார். ஒரு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.

வள்ளித்தாய் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேலநீலிதநல்லூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கலங்கிய கண்ணோடு குனிந்து அவரைப் பார்த்தாள்.

"பரவாயில்ல சார். நீங்க வருத்தப்படாதிய" என்றாள்.

அதுவும் மரியாதைக்குச் சொன்னதுதான் என்று இந்தத் தடவை அவருக்குப் புரிந்துவிட்டது.