எங்கள் சாவடியில் செல்லாத ஓட்டு கிடையாது

ஊதா நிற முத்திரை மையில் கொஞ்சம் மருந்துக்கடை வாடையும் கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு வாடையும் கலந்திருக்கும். நாடாளுமன்றத் தேர்தல் வரப்போகிறது என்பதை நான் வானொலி சொல்லித் தெரிந்துகொண்டதே இல்லை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தின் முன்னறையில் அந்த வாடை எழுந்ததும், இனி ஒரு மாதத்துக்கு நமக்கு உட்கார இடம் கிடையாது என்று புரிந்துகொண்டு, பாடப்புத்தகத்தோடு சமையற்கட்டுக்குக் குடிபெயர்ந்துவிடுவேன். பாடம் படித்தேன் என்று சொல்லவில்லை. குடிபெயர்ந்தேன், அவ்வளவுதான்.

அப்பா லஸ் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தார். அது சோற்றுக்கு. மற்றபடி அவர் குடைக் கட்சிக்காரர். (கட்சியின் பெயர் வேண்டாம், சின்னம் குடை என்று வைத்துக்கொள்வோம். எதிரிக் கட்சிக்குப் பூட்டு. இந்த வயதில் யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.) தேர்தலன்று வாக்குச்சாவடிக்குள் கட்சியின் சார்பில் உட்கார்ந்து, வருகிறவர் பட்டியலில் உள்ளவர்தானா என்று பார்த்துச் சொல்லும் "பூத் ஏஜெண்ட்" வேலையை அவர் இருபது வருடமாகப் பார்த்துவந்தார். மேடையேறிப் பேசியதில்லை, பதவி கேட்டதில்லை. அவருக்கிருந்த பெருமை ஒன்றே ஒன்று: "நம்ம பூத்துல செல்லாத ஓட்டு கிடையாது."

அக்கம்பக்கத்துச் சாவடிகளில் இருபதும் முப்பதுமாக ஓட்டுகள் செல்லாமல் போகும். சிலர் இரண்டு சின்னத்துக்கு நடுவில் கோட்டின்மேல் குத்துவார்கள்; சிலர் சீட்டைத் தப்பாக மடித்து, ஈர மை எதிர்ச்சின்னத்திலும் ஒட்டிக்கொள்ளும்படி செய்வார்கள். அப்பா இதற்காகவே சாயங்காலங்களில் எங்கள் முன்னறையில் வகுப்பு நடத்தினார். "மாதிரிச் சீட்டு" ஒரு கட்டு, மைப்பெட்டி ஒன்று, பழைய ரப்பர் முத்திரை ஒன்று. தெருவில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து குத்தி, நெட்டுவாக்கில் மடித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். எனக்கும் ஒருமுறை வாய்ப்புக் கொடுத்தார். நான் குத்திய பத்தில் ஐந்துதான் செல்லும் என்றார். கணக்குப் பாடத்தில் எனக்கு விழும் மதிப்பெண்ணைவிட அது அதிகம் என்பதால் நான் வருத்தப்படவில்லை.

வகுப்புக்குத் தவறாமல் வருகிறவர் எதிர்வீட்டுக் காசியம்மா. மார்க்கெட்டில் மீன் விற்பவர். வகுப்பே அவரால் வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பொரு தேர்தலில் குடை, பூட்டு இரண்டிலும் குத்திவிட்டு வந்து, அதை மறைக்கவும் இல்லை.

"ரெண்டு பேருந்தானே ஊட்டாண்ட வந்து கும்ட்டாங்க நைனா? ஒர்த்தருக்குக் குத்தி ஒர்த்தர உட்டா, அந்தாளு மன்சு இன்னா பாடு படும்?"

அப்பா அன்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், அடுத்த தேர்தலுக்குள் காசியம்மாவைத் தேற்றிவிட்டார். பூட்டில் குத்தினால் கை அழுகிப்போகும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார் என நினைக்கிறேன். பகுத்தறிவாளர்தான், ஆனால் ஓட்டு என்று வந்துவிட்டால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்.

எனக்குப் பத்து வயதானபோது வந்த தேர்தலில்தான் அது நடந்தது. மாதிரிச் சீட்டுக் கட்டு வந்துசேர வேண்டிய நாளில் கட்சியின் வட்டச் செயலாளர் வெறுங்கையோடு வந்து, அம்மா கொடுத்த காபியை முழுக்கக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கூட்டணி முடிஞ்சிடுச்சுண்ணே. நம்ம தொகுதிய அவங்களுக்கு உட்டுக் குடுத்தாச்சு. பூட்டுக்கு."

"பூட்டுக்கா?"

"தலைமை முடிவு."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் அவனுங்களத் திருடனுங்கன்னு தெருத்தெருவா சொன்னேனேப்பா."

"அது நேத்துண்ணே."

 கட்சி சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் கட்சிக்காரன் லட்சணம் என்று எங்களுக்கே பலமுறை சொன்ன அப்பா, இப்போது என்ன கேட்பார்? மறுநாள் மாலை புதுக் கட்டு வந்தது. அதில் குடை இல்லவே இல்லை. அப்பா வழக்கம்போல் வகுப்பை ஆரம்பித்தார். குரலில் மட்டும், கடை மூடும் நேரத்தில் வந்த வாடிக்கையாளரிடம் பேசுகிற தோரணை இருந்தது.

காசியம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொடை எங்க நைனா?"

"இந்தத் தபா பூட்டுலதான் குத்தணும்."

"இன்னா வெளாட்றியா? கையி அழுவிப்பூடும்னு நீதானே சொன்னே?"

"இந்த ஒரு தபா அழுவாது."

"உனுக்கு எவ்ளோ குடுத்தானுங்க?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். காசியம்மாவும் வேடிக்கையாகத்தான் கேட்டார். இருபது வருடத்தில் கட்சிக் காசில் ஒரு டீகூடக் குடிக்காத அப்பாவும் சிரித்ததுபோல் வாயை வைத்துக்கொண்டு, முத்திரையை அவர் கையில் கொடுத்தார். தெரு முழுக்க ஒழுங்காகப் பூட்டில் குத்தப் பழகிக்கொண்டது. தாங்கள் குத்துவது சின்னத்துக்கல்ல, அப்பாவின் சொல்லுக்கு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அப்படி நினைத்ததுதான் அவரை அதிகம் சங்கடப்படுத்தியிருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், பூட்டுப் படம் போட்ட அட்டையில் பட்டம் செய்யலாமா என்பதுதான்.

தேர்தலன்று அப்பா சட்டையில் பூட்டு அட்டையைக் குத்திக்கொண்டு சாவடிக்குப் போனார். வாக்கு எண்ணிக்கைக்கும் அவரைத்தான் முகவராக அனுப்பினார்கள். பூட்டு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. தெருமுனையில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஜெயிச்சாச்சே, அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள் அம்மா.

"நம்ம பூத்துல ஒண்ணு செல்லாம போச்சு."

"காசியம்மாவா?"

"அவ சரியாதான் போட்டிருப்பா. எல்லாரும் சரியாதான் போட்டாங்க." குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லா சின்னத்துக்கும் கீழ, கட்டத்துக்கு வெளிய, வெறும் எடத்துல ஒரு குத்து. ஆபீசர் தூக்கிக் காட்டி, செல்லாது, ஒத்துக்கிறீங்களான்னு கேட்டாரு. எதிர்க்கட்சி ஏஜெண்ட், எவனோ வெவரமில்லாதவன் சார்னு சிரிச்சான். நானும் ஆமான்னேன்."

 அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"மனசு ஒப்பலேன்னா போடாமலே இருந்திருக்கலாமே?"

"போடாம உட்டா, நம்ம ஓட்ட வேற எவனாவது போட்டுட்டுப் போயிடுவான்."

அடுத்த தேர்தலில் குடையும் பூட்டும் மறுபடி எதிரிகளாயின. அப்பாவும் மறுபடி ஏஜெண்டாக உட்கார்ந்தார். கட்சியை விடவில்லை. ஆனால் தன் சாவடியைப் பற்றிய அந்தப் பெருமையை மட்டும் அதன்பின் அவர் வாயால் நான் கேட்டதில்லை.

இப்போது அடையாற்றில் என் அடுக்குமாடி வீட்டில் அப்பா இருக்கிறார். எண்பத்தேழு வயது. இன்னொரு நாடாளுமன்றத் தேர்தல் நெருங்குகிறது. எங்கள் தொகுதியை இந்த முறையும் குடைக் கட்சி வேறு யாருக்கோ விட்டுக் கொடுத்திருக்கிறது. வகுப்பெடுக்க ஆளில்லை, எடுத்தாலும் வர ஆளில்லை. யார் யாருக்குப் போடுவார்கள் என்பது எங்கள் கட்டடத்தில் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையும் இல்லை. நானோ எல்லாக் கட்சிக்கும் ஒவ்வொரு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், வயிறு சரியில்லாதவன் ஒவ்வொரு மருந்தாகச் சாப்பிட்டுப் பார்ப்பதுபோல. எல்லாமே செல்லும் ஓட்டுகள். இயந்திரம் வந்தபின் சாவடியில் செல்லாத ஓட்டு என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது.

"யாரும் வேண்டாம்னா அதுக்கும் ஒரு பட்டன் வெச்சிருக்காங்கப்பா, கடைசியா" என்றேன் அவரிடம்.

"அதுக்கு ஏஜெண்ட் யாரு?"

"யாரும் கெடையாது."

"உக்கார ஆளில்லாத கட்சிக்கு எப்பிடிடா போடறது?" என்று நாளிதழுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

போன வாரம், வாக்காளர் பட்டியல் வேலையில் போட்டிருக்கும் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எண்பத்தைந்து கடந்தவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம், விருப்பமா என்று கேட்டுப் படிவத்தை நீட்டினார். சாவடிக்கே போவேன் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எழுந்துகொண்ட டீச்சரிடம், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "வீட்டுக்கு மிஷினத் தூக்கிட்டு வருவீங்களாம்மா?" என்றார்.

"மிஷின் இல்ல தாத்தா, பேப்பர்தான். ஒரே ஒரு பேருக்கு நேரா மட்டும் டிக் போடணும். கட்டத்துக்கு வெளிய போட்டுட்டா செல்லாம போயிடும், பார்த்துப் போடணும், என்ன?"

முதன்முறை ஓட்டுப் போடப் போகிறவரின் பணிவோடு அப்பா கேட்டுக்கொண்டார்.

"வெளிய போட்டா செல்லாதாம்மா?"

"செல்லாது தாத்தா."

"சரி, குடும்மா" என்று படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.