சஷ்டி விரதமும் ஆப்பிரிக்க எறும்பும்

சித்தப்பா இப்போது நகரத்தின் மறுபக்கம், நோத்ர-டாம்-த-கிரேஸில் வீட்டுக் காப்புறுதி விற்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களோடு இருந்த காலத்தில் அவர் எறும்பு படித்தார். எறும்பில் படிக்க என்ன இருக்கிறது என்று கோயிலுக்கு வருகிற எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அவர் அப்பாவின் தம்பி. என் அறையில்தான் படுப்பார். என் கட்டிலுக்கு மேலே ஆப்பிரிக்காவின் வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தார். முழு ஆப்பிரிக்காவும் இல்லை. மேற்கே கடல் உள்மடியும் இடமும், அதற்குப் பின்னால் இருக்கும் காடும். அந்தக் காட்டில் ஒரு மரம். அதன் கிளைக்குள் குழல் மாதிரி வெறுமையாக இருக்கும். எறும்பு அதற்குள் குடியிருக்கும். மரத்தைத் தொட்டால் கொட்டும். சித்தப்பா வீங்கிய கையோடு வந்து இறங்கியதை நானே பார்த்தேன்.

கரையோரத்து எறும்பு கறுப்பு. உட்காட்டு எறும்பு மஞ்சள். முன்பு யாரோ ஒருவர் கறுப்புக்குப் பெயர் வைத்தார். பிறகு இன்னொருவர் மஞ்சளுக்கு வேறு பெயர் வைத்தார். இரண்டு பெயர், ஆகவே இரண்டு இனம் என்று புத்தகத்தில் ஏறிவிட்டது. அது பிழை, இரண்டும் ஒன்றுதான் என்பது சித்தப்பாவின் கட்சி. அவ்வளவுதான் அவருடைய படிப்பு. அதைச் சொல்ல வருடக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தார்.

எறும்பு கிடைத்த இடங்களில் எல்லாம் வரைபடத்தில் பொட்டு வைப்பார். கரையோரம் கறுப்பு, உள்ளே மஞ்சள். எல்லாம் என்னுடைய மெழுகுக் கலர்களால். திருப்பிக் கேட்டால், "பேந்து தாறன்" என்பார். தரமாட்டார். இரண்டு நிறமும் சந்திக்கிற இடத்தில் ஒரு ஆறு இருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, நிறம் தீட்டாமல் விட்டிருந்தார்.

அந்த வட்டத்திலிருந்துதான் ஒரு தடி கொண்டுவந்தார். என் முழங்கை நீளம் இருக்கும். கறுப்பும் மஞ்சளும் ஒரே ஓட்டையால் போய்வந்ததை அங்கே கண்டாராம். இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து, அப்படியே குளிரில் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே ஒன்றாகக் குடியிருந்து, புழுவாக இருக்கும் குஞ்சுகளையும் ஒன்றாக வளர்த்தால், ஒரே தாயின் பிள்ளைகள். அவருடைய பேராசிரியர் நம்பவில்லை.

"வாயால சொன்னா எடுபடாது. திங்கட்கிழமை அந்தாளுக்கு முன்னால பிளக்க வேணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடாதேங்கோ," என்று வீட்டில் எல்லாருக்கும் சொன்னார்.

தடி எங்கள் ஃப்ரீசருக்குள், மீனுக்கும் இறாலுக்கும் நடுவே ஒரு பையில் கிடந்தது. பல்கலைக்கழகத்து ஃப்ரீசரைப் பலபேர் திறக்கிறார்களாம். எங்கள் வீட்டில் அம்மா மட்டும்தானே என்று நினைத்தார். அம்மாவை அவருக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் கந்தசஷ்டி தொடங்கியது. விரத நாட்களில் வீட்டில் மச்சம் இருக்கக்கூடாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அம்மாவுக்கு மச்சம். முட்டை போட்ட கேக்கும் மச்சம். இருந்த மீனையும் இறாலையும் முதல்நாளே அப்பா தின்று முடித்தார். அம்மா ஃப்ரீசரை மஞ்சள் தண்ணீரால் கழுவினார். தடி மட்டும் மிஞ்சியது.

"தம்பி, இதை எங்கயாவது கொண்டுபோங்கோ."

"அண்ணி, அது எறும்பு."

"உயிரோட இருந்துது, செத்துது, ஃப்ரீசருக்குள்ள கிடக்குது. மீனும் அப்பிடித்தானே?"

"எறும்பை ஆர் அண்ணி தின்னுறது?"

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து அம்மாவுக்குச் சொன்னார்: "போன வருசச் சஷ்டிக்கு உம்மட சீனிப் போத்தலுக்குள்ள கிடந்ததை நீர்தானே தேத்தண்ணியோட குடிச்சனீர்."

"அது தெரியாமக் குடிச்சது. இது தெரிஞ்சு வைச்சிருக்கிறது."

இப்படியே இரண்டு நாள் போனது. விரதக்காரி பசியில் இருந்தார். சித்தப்பா படிப்புக் கவலையில் இருந்தார். அப்பா மீன் இல்லாமல் இருந்தார். நான் கலர் இல்லாமல் இருந்தேன். ஒருவரோடும் கதைக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை சித்தப்பா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அம்மா தடியை எடுத்துப் பின் பல்கனியில் வைத்தார். எறியவில்லை. குளிர் தொடங்கினால் இந்தத் தெருவில் எல்லாருக்கும் பல்கனிதான் இரண்டாவது ஃப்ரிட்ஜ். உள்ளேயும் குளிர், வெளியேயும் குளிர், வீடும் சுத்தம் என்பது அம்மாவின் கணக்கு. பிழை சொல்ல முடியாது.

அணிலை அம்மா கணக்கில் எடுக்கவில்லை. இங்கத்தைய அணில் பூனைக்குட்டி அளவு. பையைக் கிழித்து, தடியைக் கடித்து, நீளமாகப் பிளந்துவிட்டது. நாங்கள் பார்த்தபோது தடி புத்தகம் மாதிரி விரிந்து கிடந்தது. நடுக் குழலுக்குள் கறுப்பும் மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்றாக உறைந்து கிடந்தன. இடையிடையே அரிசிக் குறுனல் மாதிரி வெள்ளைப் புழுக்கள். ஒரு கறுப்பு எறும்பின் வாயில் ஒரு புழு இருந்தது. பக்கத்தில் இருந்த மஞ்சள் எறும்பும் ஒன்றைக் கவ்வியிருந்தது.

அம்மா குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் அரிசி புடைக்கிற சுளகை எடுத்துவந்தார்.

"வா பிள்ளை. சித்தப்பா வாறதுக்கிடையில துப்பரவாக்கி வைப்பம். இப்பிடிக் குப்பையாக் கிடந்தா அவர் ஏங்கிப்போவார்."

தடியைச் சுளகில் தட்டினோம். அம்மா அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி விரலால் தள்ளினார். நான் புருவம் பிடுங்குகிற சாவணத்தால் எடுத்தேன். கறுப்பு ஒரு ஊறுகாய்ப் போத்தலுக்குள். மஞ்சள் இன்னொன்றுக்குள். வெள்ளைப் புழுக்களை அம்மா ஒரு பேப்பரில் வழித்துக் கீழே சந்துக்குள் கொட்டினார். விரத வீட்டில் புழு ஆகாது. தடியை ஒடித்துக் குப்பைப் பையில் போட்டார். அன்று காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. கண் இருட்டுகிறது என்று இடையில் சுவரில் சாய்ந்தார். மறுபடி குனிந்தார். எனக்கு இடுப்பு நொந்தது.

சித்தப்பா வந்தார். போத்தல்கள் மேசையில் இருந்தன. தடி எங்கே என்று கேட்டார். சொன்னோம். கதிரையில் இருந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"முதல் எப்பிடிக் கிடந்தது?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டாக் குழம்பிக் கிடந்தது. புழுவும் கிடந்தது. நாங்கள் எறிஞ்சிட்டம்."

"ஆரார் பார்த்தது?"

"நானும் அம்மாவும்."

"வேற ஒருத்தரும் இல்லையோ?"

"அணில்," என்றேன்.

சித்தப்பா சிரித்தார். சிரிப்பு வந்ததே என்று எனக்கு நிம்மதி. அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நின்றார். முகம் காய்ந்திருந்தது.

"ஒரு மஞ்சள் கறுப்புக்குள்ள இல்லை, தம்பி. வேணுமெண்டாக் கொட்டிப் பாருங்கோ."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். போத்தல்களைப் பார்த்தார்.

"நல்லாப் பிரிச்சிருக்கிறியள், அண்ணி," என்றார். "போய்ப் பால்பழம் சாப்பிடுங்கோ."

அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். அப்பா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் சித்தப்பா என் கலர்ப் பெட்டியைத் தானாகவே கொண்டுவந்து தந்தார். "இந்தா, இனி நீயே வைச்சிரு." நான் திறந்து பார்த்தேன். கறுப்பும் மஞ்சளும் நகமளவுக்குத் தேய்ந்திருந்தன. இவ்வளவு நாளும் வைத்திருந்துவிட்டு இப்படியா தருவது. எனக்குப் புதுசு வேணும், இப்பவே வேணும் என்று கத்தினேன். அம்மா அதட்டினார்.  சித்தப்பா ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு கடைக்குப் போனார்.

தெப்பனேர் என்கிற அந்தச் சின்னக் கடை எங்கள் தெரு முனையில்தான் இருந்தது. போய்வர ஐந்து நிமிடம் போதும். அவர் வரவில்லை. தெருவிளக்கு எரிந்தது. அம்மா மாலைப் பூசையை முடித்தார். நான் யன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு கலர் வாங்க ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குச் சரியான கோபம்.