நாலு விரல் கூடுதல்

என்னிடம் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர் இருக்கிறது. அதன் வலது கை, இடது கையைவிட நாலு விரல் நீளம். போடும்போதெல்லாம் வலது கையை மணிக்கட்டில் ஒரு மடிப்பு மடித்துக்கொள்வேன். பதினோரு வருடமாக அப்படி மடித்ததில் அந்த இடத்தில் கோடே விழுந்துவிட்டது. விழுப்புரத்தில் ஸ்வெட்டர் போட வருடத்துக்கு இருபது நாள் கிடைத்தால் அதிகம். மார்கழி, தை மாதங்களில் விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்துக்குப் போகும்போது அதற்கு வேலை வரும். மற்ற நாட்களில் பீரோவின் மேல்தட்டில் பாச்சை உருண்டைகளோடு குடித்தனம் நடத்தும். அதைப் பின்னியவர் என் அப்பா. விழுப்புரம் டெப்போவில் கண்டக்டராக இருந்தவர்.

மற்ற வீடுகளில் ஊசி நூல் அம்மாவின் பொறுப்பு. எங்கள் வீட்டில் அது அப்பாவிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அம்மா தையல்காரி என்பதுதான். திண்டிவனம் சாலையில் இருந்த ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. சட்டையில் காலர் வைப்பாள். காலர் மட்டும்தான். கை வைப்பது ஒருத்தி, பொத்தான் இன்னொருத்தி. ஒரு முழுச் சட்டை எப்படி இருக்கும் என்றே தனக்கு மறந்துபோய்விட்டதாக அவள் சொல்வாள். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து இறங்குவாள். அப்போது அவள் முன்னால் ஊசி என்ற பேச்சை எடுத்தவர்கள் தொலைந்தார்கள். “ஊர் உலகத்துக்கெல்லாம் கழுத்து தைச்சிட்டு வர்றேன். இங்க வந்தும் ஊசியா? அறுந்தது அறுந்தே கெடக்கட்டும்” என்பாள். அதனால் என் பாவாடைக்கு ஊக்கு, சட்டைக்கு ஊக்கு, பைக்கு ஊக்கு. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் ஊக்கு திறந்துகொண்டு என் இடுப்பைக் கிழித்துவிட்டது. நான் அழுத அழுகையில் அப்பா அன்றைக்கே ஊசியைக் கையில் எடுத்தார்.

ஆசை வந்துவிட்டது, நேரத்துக்கு எங்கே போவது? கண்டக்டர் வேலையில் ஒரு நாளைச் சிங்கிள் கணக்கில்தான் பிரிப்பார்கள். விழுப்புரத்தில் கிளம்பித் திண்டிவனம் போய்ச் சேர்ந்தால் அது ஒரு சிங்கிள். அங்கிருந்து திரும்பி வந்தால் இன்னொரு சிங்கிள். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று நின்று நின்று போகும் வண்டி. ஒரு நாளைக்கு எட்டு சிங்கிள். ஒவ்வொரு சிங்கிள் முடிந்ததும் பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அப்பா பிடித்துக்கொண்டார். டிக்கெட் பையின் உள்ளறையில் ஒரு பிஸ்கெட் டப்பா, அதற்குள் ஊசி, நூல், சின்னக் கத்தரி. என் பள்ளிப் பாவாடைகளின் ஓரம் எல்லாம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மடித்துத் தைக்கப்பட்டவை. அவருடைய பழைய காக்கிப் பேன்ட் ஒன்று எனக்குச் சாப்பாட்டுப் பையானது. தலையணை உறை, அம்மாவின் ரவிக்கைக்குக் கொக்கி, எல்லாம் அங்கேதான். ஓடும்போது மட்டும் டப்பாவைத் தொட மாட்டார். “ஓடற வண்டியில டிக்கெட்டு, நிக்கிற வண்டியில ஊசி” என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

கேலிக்குக் குறைவே இல்லை. மீசை வைத்த காக்கிச் சட்டைக்காரர் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பாவாடை தைத்தால் ஊர் சும்மா இருக்குமா? “இன்னா கண்டக்டரே, யாருக்கு வளைகாப்பு?” என்று பக்கத்து வண்டிக்காரர் கேட்பார். “உனுக்குத்தான், ஜல்தி வந்து குந்து” என்று அப்பா தலை நிமிராமல் பதில் சொல்வார். ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து கீரைக்கட்டு கொண்டுவரும் பெண்கள் கொஞ்ச நாளில் தங்கள் முந்தானைக் கிழிசலையே அவரிடம் நீட்ட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். தைத்துக் கொடுக்க மாட்டார். “எம் பொண்ணோடது பாக்கி கெடக்குது” என்பார்.

பின்னல் பிறகு வந்தது. அம்மா பள்ளியில் படித்தபோது கன்னியாஸ்திரிகள் கைவேலை வகுப்பில் உல்லன் பின்னல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்ததை அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கறந்துவிட்டார். நேர்ப் பின்னல், மறு பின்னல், அவ்வளவுதான். பூ, கொடி, வளைவு எதுவும் வராது. குல்லா பின்னினார், மஃப்ளர் பின்னினார். அவை எல்லாம் பத்துப் பதினைந்து சிங்கிளில் முடிகிற சமாச்சாரம்.

பிறகு எனக்குத் தோட்டக்கலை மேற்படிப்புக்கு சிம்லா பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. என் தாத்தா ஒலக்கூர்ப் பக்கத்தில் பிறத்தியார் கொல்லையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கியே முதுகு வளைந்தவர். அவர் சென்னையைப் பார்த்ததில்லை. அப்பா பார்த்த அதிகபட்ச தூரம் அதே சென்னைதான். எங்கள் தெருவில் சிம்லாவை யாரும் நம்பவில்லை. அங்கே பனி பெய்யும் என்று நான் சொன்னதை அப்பா மட்டும் நம்பினார். மறுநாள் பாண்டிச்சேரி போய்ப் பழுப்பு நிறத்தில் உல்லன் நூல் வாங்கி வந்துவிட்டார். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவும் நானும் சொன்னோம். “அவ்ளோ தூரம் போறவள வெறுங்கையோட அனுப்ப முடியுமா? நம்ம கையால ஒண்ணு அவ மேல இருக்கணும்” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. ரயிலுக்கு ஆறு வாரம் இருந்தது.

அந்த ஆறு வாரமும் எங்கள் வீட்டில் பேச்சே சிங்கிள்தான். முன்பக்கம் எத்தனை சிங்கிள் ஆச்சு, முதுகு எத்தனை ஆச்சு என்று அம்மா சோறு போடும்போது கேட்பாள். அளவு நாடா பிடிக்கிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. இடது கையைப் பின்னி முடித்து எனக்கு வைத்துப் பார்த்தபோது சரியாக மணிக்கட்டில் நின்றது. அதற்கு ஐம்பது சிங்கிள் ஆகியிருந்தது. அப்படியானால் வலது கைக்கும் ஐம்பது. முடிந்த கையை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்பா டிக்கெட் பையில் நூலைப் போட்டுக்கொண்டு வலது கையைத் தொடங்கினார். எண்ணிக்கையில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. இந்தத் தடவையும் தவறவில்லை, அதுதான் வினை.

நான் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்பக்கம், முதுகு, இரண்டு கை, கழுத்துப் பட்டை என்று ஐந்து துண்டுகளையும் அம்மா கூடத்தில் பரப்பினாள். சேர்த்துத் தைப்பது அவள் வேலை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்காக ஊசி எடுத்த நாள் அது. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். வலது கை நாலு விரல் நீண்டு கிடந்தது.

அப்பா விரலை மடக்கி மடக்கி எண்ணினார். ஐம்பதுதான். பிறகு ஏதோ நினைவு வந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். “நேரத்த மாத்திட்டானுங்கடி. கடைசி ரெண்டு நாளு பத்து நிமிஷம் இல்ல, பதினஞ்சு நிமிஷம் நின்னுச்சு வண்டி. நான் பாட்டுக்கு சிங்கிள எண்ணிக்கினு இருந்துட்டேன்.” பிரித்துப் பின்ன இரண்டு மணி நேரமாவது வேண்டும். ரயிலுக்கு மூன்று மணி நேரம்தான், இன்னும் ஒரு தையல்கூடச் சேர்த்தாகவில்லை. எத்தனை கேலிக்கும் அசையாத மனிதர் அன்று தலை குனிந்து உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “சேர்த்துத் தைம்மா, மடிச்சிக்கிறேன்” என்றேன். அம்மா தைத்தாள். கழுத்துப் பட்டையை அவள் வைத்த அழகை இப்போதும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். விழுப்புரம் ஜங்ஷனில், ஊரே வியர்வையில் நனைந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். அப்பா ஜன்னல் வழியாகக் கைவிட்டு வலது கையின் மடிப்பைச் சரிசெய்தார்.

இத்தனை வீராப்பாகப் போனவள் அங்கே போய் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது மலையூர். அங்கே பெண்கள் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் பின்னுவார்கள். என் அறைத்தோழியின் அம்மா அனுப்பும் ஸ்வெட்டர்களில் மான் ஓடும், மரம் நிற்கும். என்னுடையது மொட்டைப் பழுப்பு, அதிலும் ஒரு கை நீளம். முதல் வாரமே அவள் யார் பின்னியது என்று கேட்டாள். எங்கள் ஊர்க் கடையில் வாங்கியது என்று சொல்லிவிட்டேன். என் அப்பா கண்டக்டர் என்று சொல்ல நான் வெட்கப்படவில்லை. அவர் பின்னுவார் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. பக்கத்து வண்டிக்காரரின் சிரிப்பு ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டி என்னோடு வந்திருந்தது போலிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

பட்டமளிப்புக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா தன் மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு மலைப் பாதையில் ஓடும் பேருந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைத்தோழி வந்து வணங்கினாள். பின்னுகிறவள் பெற்ற பெண்ணிடம் கடைச் சரக்கு என்ற பொய் எத்தனை நாள் நிற்கும்? என் ஸ்வெட்டரைத் தொட்டுக் காட்டி, இதை உண்மையில் பின்னியது யார் என்று அப்பாவிடமே இந்தியில் கேட்டாள். அப்பாவுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான். எதை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். “இத யாரு பின்னுனதுன்னு கேக்கறாப்பா. நான் அவகிட்ட கடையில வாங்குனதுன்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன்” என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா ஸ்வெட்டரின் மடித்த கையைத் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “கேட்டியா? கடையில வாங்குனதுன்னு சொல்ற அளவுக்கு வந்திருக்குது பாரு” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. என் பொய்யை அவர் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டுவிட்டார். “விழுப்புரம் டெப்போ கண்டக்டர் பின்னுனதுன்னு சொல்லு. காலர் மட்டும் இவங்க வெச்சதுன்னு சொல்லு” என்றார். நான் அதை அப்படியே இந்தியில் சொன்னேன். அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். அவர் விரல்களை ஒருவர் அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

போன வருடம் அப்பா ஓய்வுபெற்றார். கடைசி சிங்கிள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம். இப்போது நான் ஒலக்கூர் வட்டாரத்தில் தோட்டக்கலை அலுவலர். தாத்தா குனிந்து நின்ற கொல்லைகளின் ஓரமாகத்தான் தினமும் நடக்கிறேன். அன்று அலுவலகம் முடிந்து அப்பாவின் வண்டியிலேயே ஏறி, டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். அவருடன் பல வருடம் ஓட்டிய டிரைவர் பெரியப்பாவும் மாலையோடு வந்திருந்தார். அது மார்கழி. குளிர் காற்றுக்கு நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். மடித்த கையைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா சிரித்தார்.

“இந்தக் கைதானே? ஸ்டாண்டுல நிக்கறதுக்கு டெப்போவுல அஞ்சு நிமிஷம் சேத்துக் குடுத்தாங்களே, அது எதுக்குன்னு தெரியுமா பாப்பா? டீ குடிக்கக்கூட நேரமில்லன்னு நாங்க எல்லாம் கத்திக் கத்தி வாங்குன அஞ்சு நிமிஷம். வந்த மொத நாளு எல்லாரும் டீக்கடைக்கு ஓடறோம். உங்கப்பன் எறங்கவே இல்ல. கூப்புட்டாலும் வரல. பொண்ணு போறா, போறான்னு ஊசிய ஆட்டிக்கினு குந்தியிருந்தான்.”

பத்து வருடமாக நாங்கள் அதைக் கணக்குத் தப்பு என்றே நினைத்திருந்தோம். அப்பாவும் அப்படியே நினைத்திருக்கிறார். டீ குடிக்காததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

இப்போது வீட்டில் அவருக்கு நேரமோ நேரம். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குல்லா, வானூரில் இருக்கும் அத்தைக்கு மஃப்ளர் என்று ஆளுக்கு ஒன்றாகப் பின்னித் தள்ளுகிறார். ஊசி பிடிக்கத் தெரியாத நான் மட்டும் அலுவலகம், கூட்டம், அறிக்கை என்று எதற்கும் நேரமில்லை என்று புலம்புவேன். “யாருக்குத்தான் நேரம் கெடைச்சிது? வண்டி நிக்கும் பாரு, அதான் நேரம்” என்பார். இந்த மார்கழியில் ஒருநாள் விடியற்காலை நான் கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினார். “அந்தக் கையக் கழட்டிக் குடு பாப்பா. நாலு விரல பிரிச்சு சரி பண்ணிடறேன். இப்பதான் ஒரு பேஜாரும் இல்லியே, சும்மாதான குந்திக்கினு இருக்கேன்.”

“வேணாம்பா” என்றேன். வலது கையின் மடிப்பை முதல் முறையாகப் பிரித்துவிட்டேன். என் உள்ளங்கை பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. அப்படியே ஸ்கூட்டரை எடுத்தேன். அப்பா குடிக்காத டீயின் சூடு பேருந்து நிலையம் வரை என் கையில் இருந்தது.